கல்நாரும் நாற்பது ஆண்டுகளும்

ஆஸ்பெஸ்டாஸ் என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு 'அணைக்க முடியாதது' என்று பொருள். தமிழில் அதற்கு வழங்கும் 'கல்நார்' என்னும் பெயரோ, கல் நாராகப் பிரியும் இயல்பைச் சொல்கிறது. மருத்துவ வரலாற்றை நோக்கினால், மார்பறைக்குள் கட்டியை விளைவிப்பது அந்த நாரே.

1950-களில் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில் காசநோய் மருத்துவம் பார்த்துவந்த ஸ்லெக்ஸ், நெஞ்சில் நீர் கோத்துவந்த நோயாளிகளுள் சிலருக்குக் காசநோய் மருந்து பலனளிக்காததைக் கவனித்தார். அவர்கள் நகருக்கு மேற்கேயிருந்து வந்தவர்கள். நோயியல் அறிஞர் வாக்னர் திசுக்களை ஆராய்ந்து, அது நுரையீரலைப் போர்த்திய சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் என்றார். அப்படியொரு கட்டி உண்டா என்றே பலர் ஐயுற்ற காலம் அது. இவ்விருவரும் அறுவை மருத்துவர் மார்ச்சண்டும் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் 33 நோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களுட் பலர் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை. நீலக் கல்நார்ச் சுரங்கங்களின் அருகே வாழ்ந்தவர்கள், இளமையை மட்டும் அங்கே கழித்தவர்கள். 'இப்போது என்ன வேலை?' என்ற வினாவுக்கு அகப்படாத காரணம், 'எங்கே வளர்ந்தீர்கள்?' என்ற வினாவுக்கு அகப்பட்டது.

நாரை மூச்சில் ஏற்றபின் நோய் வெளிப்படப் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் மருத்துவத்தால் ஆவது இன்றும் குறைவே. 2003-இல் வெளியான ஆய்வில், சிஸ்பிளாட்டினுடன் பெமெட்ரெக்செட் சேர்த்தபோது இடைநிலை வாழ்நாள் 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமாயிற்று. 2021-இல் வெளியான ஆய்வில், இரு நோயெதிர்ப்பு மருந்துகளின் கூட்டு, வேதிமருத்துவத்தின் 14.1 மாதத்தை 18.1 ஆக்கியது. 2024-இல் வெளியான மார்ஸ் 2 ஆய்வில், வேதிமருத்துவத்துடன் பெரிய அறுவையும் பெற்றோர் அது பெறாதோரைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தனர். ஆகவே தடுப்பே முதன்மை.

இந்தியாவில் இந்தக் காலநீட்சியைச் சட்டம் ஒருமுறை கணக்கில் கொண்டது. 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலாளியின் உடல்நல ஆவணத்தை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பேண ஆணையிட்டது. நோய் நாற்பது ஆண்டு காத்திருக்கும் என்றால் ஏடும் காத்திருக்க வேண்டும் என்பதே அதன் தருக்கம்.

ஆயினும் அவ்வாணை பேசுவது தொழிலாளியைப் பற்றி மட்டுமே. வெள்ளைக் கல்நார் இன்றும் இறக்குமதியாகிக் கூரைத் தகடாகிறது. அதை வெட்டும், துளையிடும், உடைத்து அகற்றும் தினக்கூலிகளுக்கும், ஆலையை ஒட்டி வாழ்வோருக்கும் அத்தகைய ஏடு எங்கே? 1960-இன் 33 பேரில் பலர் இத்தகையோரே. ஏடு இல்லாத இடத்தில், மருத்துவர் கேட்கும் 'எங்கே வளர்ந்தீர்கள், எங்கெங்கு வேலை பார்த்தீர்கள்?' என்னும் வினாவே எஞ்சும் ஆவணம்.