கடல் முயலின் விஷமும் நம் வாசல் நித்தியகல்யாணியும்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "புற்றுநோய் ஊசியில் கடல் நத்தை விஷம்" என்று. அதைப் படித்துவிட்டுத் தங்கை அழுதுகொண்டே போன் செய்தாள். "அண்ணா, என் புள்ளைக்கு விஷத்தையா ஏத்துறாங்க?"

அவள் மகனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்றார்கள். முதல் சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பியதால், இப்போது வேலூரில் வேறு ஊசி போடுகிறார்கள். "அதை நிறுத்திட்டு நித்தியகல்யாணிக் கஷாயம் கொடு" என்று யாரோ யோசனையும் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

செய்தி முழுப் பொய் இல்லை. அந்தப் பிராணியின் பெயர் கடல் முயல். வெளியே ஓடு தெரியாத நத்தை இனம். தலையில் முயல் காது போல இரண்டு உணர்கொம்புகள் இருக்கும். சீண்டினால் ஊதா மையைக் கக்கும். நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு.

இதன் கெட்ட பெயர் மிகப் பழையது. கி.பி. 79-ல் இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, இந்தியக் கடலின் கடல் முயலைத் தொட்டாலே வாந்தி வரும் என்று எழுதினார். கி.பி. 81-ல் பேரரசர் டைட்டஸ் இறந்தார். காய்ச்சலில் இறந்தார் என்கிறார் சூட்டோனியஸ். தம்பி டொமிஷியன் கடல் முயல் விஷம் வைத்தார் என்று பின்னாளில் ஃபிலோஸ்ட்ராட்டஸ் எழுதினார்.

1972-ல் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த வேதியியலர் ஜார்ஜ் பெட்டிட்டின் குழு, மொரீஷியஸ் கடலில் கடல் முயல்களைச் சேகரித்தது. உள்ளே இருந்த விஷமோ மிக மிகச் சொற்பம். அதன் அமைப்பைக் கண்டுபிடித்து வெளியிட 1987 ஆனது. டோலாஸ்டாட்டின் 10 என்று பெயர் வைத்தார்கள். 2001-ல் இன்னொரு உண்மை தெரிந்தது. அதே விஷம் கடலில் வளரும் ஒரு நீலப்பச்சைப் பாசியிலேயே இருந்தது. பாசியைத் தின்னும் கடல் முயலுக்கு அது இரவல் சரக்கு!

அந்த விஷத்தை அப்படியே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு அதைப் பார்த்து ஆய்வகத்தில் ஒரு மாற்று வடிவத்தைச் செய்து, நோயுற்ற செல்லைத் தேடிப் பிடிக்கும் ஒரு புரதத்தோடு கட்டினார்கள். விலாசம் எழுதிய தபால் போல அது பெரும்பாலும் அந்தச் செல்லுக்கே போய்ச் சேரும். பிரென்டக்சிமாப் வெடோட்டின் என்ற இந்த மருந்துக்கு 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் பிள்ளைக்குப் போடுவது இதுதான். அதற்காக எந்தக் கடல் முயலையும் பிழிவதில்லை.

இனி நித்தியகல்யாணி. மொரீஷியஸுக்கு அருகிலுள்ள மடகாஸ்கர்தான் அதன் தாயகம். 1958-ல் கனடாவில் அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். பிள்ளைக்கு முதலில் போட்ட மருந்துகளில் அதுவும் ஒன்று. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்க நுண்ணிய இழைகள் உருவாகும். வின்பிளாஸ்டினும் கடல் முயல் விஷமும் தாக்குவது அந்த இழைகளைத்தான்.

ஆக, கஷாயம் சொன்னவர் விஷத்துக்குப் பதிலாக இன்னொரு விஷத்தைத்தான் சொல்லியிருக்கிறார், அதுவும் அளவில்லாமல். மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்குப் பார்த்து நரம்பில் ஏற்றுகிறார்கள். ஒரு டம்ளர் கஷாயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யார் அளந்தார்கள்?

ஊசியால் தொல்லையே வராது என்று நான் சொல்லவில்லை. கை கால் மரத்துப்போகலாம், ரத்த அணுக்கள் குறையலாம். வந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் தங்கையிடம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். கொஞ்ச நேரம் எதிரே பூத்திருந்த நித்தியகல்யாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி அண்ணா, வியாழக்கிழமை நீயும் கூட வா" என்றாள். மூன்றாவது ஊசி அன்றைக்குத்தான். போகிறேன்.

அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். இனி இப்படிச் செய்தி வந்தால், அனுப்பும் முன் ஒருமுறை உங்கள் வாத்தியாரைக் கேளுங்கள்.