பதினேழு சதவீத ஈரமும் ஒரு சின்ன ஸ்டிக்கரும்

செல்போன் ரிப்பேர் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், அங்கே முதலில் டார்ச் அடித்து ஒரு ஓட்டைக்குள்ளே பார்ப்பார்கள். உள்ளே கடுகளவு ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். சிவந்திருந்தால் வாரண்டி கிடையாது, அவ்வளவுதான். "தண்ணியே படலைங்க" என்று தலையால் அடித்துக்கொண்டாலும் பயனில்லை. ஸ்டிக்கர் சொல்வதுதான் சாட்சி, அதுவே தீர்ப்பும்கூட.

இந்த ஸ்டிக்கரை எதிர்த்து 2010-ல் அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனத்தின் மேல் வழக்கு போட்டார்கள். வியர்வை, காற்றில் இருக்கும் ஈரம் இவற்றாலேயே நிறம் மாறலாம், அதை வைத்து எப்படி வாரண்டியை மறுக்கலாம் என்பது வாதம். ஸ்டிக்கருக்கான டேப்பைத் தயாரித்த த்ரீ எம் நிறுவனமே, காற்றின் ஈரத்தால் அது இளஞ்சிவப்பாக மாற வாய்ப்புண்டு என்று சொன்னது. 2013-ல் 5.3 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஆனால் ஆப்பிள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, இதற்கும் தஞ்சாவூருக்கும் என்ன சம்பந்தம்? டெல்டாவில் இதே கதை செல்போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. அங்கே ஸ்டிக்கருக்குப் பதில் ஈரப்பதம் பார்க்கும் மிஷின், போனுக்குப் பதில் நெல்.

இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், தொடங்கப்பட்டது. தலைமையகம் சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். நாட்டுக்கே நெல் வாங்கும் அமைப்பு காவிரிக் கரையில் கணக்கைத் தொடங்கியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதே சமயத்தில் டெல்டாவில் இன்னொரு மாற்றமும் நடந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகத்தைக் கொடுத்தது. நம்மூர் ஜி.இ.பி. 24-ஐயும் ஜப்பானிய நோரின் 10-ஐயும் கலந்து உண்டாக்கியது. மகசூல் அதிகம், மூன்றரை மாதத்தில் அறுவடை. குறுவைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு சிக்கல். ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை நட்டால், கதிர் முற்றி அறுக்கும் நேரம் செப்டம்பர் கடைசி, அக்டோபர். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வந்து நிற்கும். பழைய காலத்தில் பெரும்பாலான நெல் தை மாத வெயிலில் களத்துக்கு வந்தது. புது ரகம் அடைமழையில் வந்தது. நனைந்த நெல் குவியலிலேயே சூடேறி, மஞ்சளாகி, முளைவிட்டது. இதைச் சமாளிக்கத்தான் திருவாரூரில் நவீன அரிசி ஆலையை ஒட்டி நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் உருவானது. மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ.யின் முதல் இயக்குநரான டாக்டர் வி.சுப்ரமணியன் அங்கே வந்து வேலை பார்த்தார். ஈர நெல்லில் சாதாரண உப்பைக் கலந்து சில நாள் கெடாமல் வைத்திருக்கும் முறையைக்கூட அங்கே ஆராய்ந்தார்கள். அந்த மையம்தான் பிறகு தஞ்சாவூருக்கு இடம் மாறி, பெயர்கள் பல மாறி, 2021 முதல் நிஃப்டெம் தஞ்சாவூர் என்று அழைக்கப்படுகிறது. ஈர நெல் என்ற ஒரே தலைவலியிலிருந்து ஒரு தேசிய நிறுவனமே வளர்ந்திருக்கிறது! தலைவலி மட்டும் தீரவில்லை என்பது வேறு விஷயம்.

முன்பெல்லாம் நெல் காய்ந்ததா என்று பார்க்க நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பார்கள். 'கடக்' என்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். கொள்முதல் என்று வந்தபின் பல்லை வைத்துக் கணக்கு எழுத முடியாது. மிஷின் வந்தது. அது தண்ணீரை நேராக அளப்பதில்லை. நெல்லின் மின் குணத்தைத்தான் அளக்கிறது. தண்ணீரின் ஒப்புமை விடுதிறன் சுமார் 80, காய்ந்த தானியத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது (பிளஸ் டூ இயற்பியல் மறக்காதவர்களுக்கு இது புரியும்). ஈரம் கூடினால் இந்த எண் கூடும், அதை மிஷின் சதவீதமாக மாற்றிக் காட்டும். நெல்லின் சூடு, ரகம், மேலே மட்டும் நனைந்ததா உள்ளேயும் ஊறியதா என்பதெல்லாம் அந்த எண்ணைக் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்தும். சரியான ஈரம் தெரிய வேண்டுமானால் ஆய்வகத்தில் அடுப்பில் உலர்த்தி எடை பார்க்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் அதற்கெல்லாம் ஏது நேரம்?

மத்திய அரசின் வரம்பு 17 சதவீதம். இதை வெறும் அதிகாரத் திமிர் என்று சொல்லிவிட முடியாது. நெல் நீண்ட நாள் கெடாமல் இருக்க 14 சதவீதம் வேண்டும், 17 என்பதே விட்டுக்கொடுத்த எண்தான். கணக்கும் இருக்கிறது. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் காய்ந்த பொருள் 78 கிலோ. அது 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் எடை 94 கிலோ ஆகும். அதாவது 6 கிலோ தண்ணீருக்கு அரசு விலை கொடுக்கிறது. 2025 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஆகவே நஷ்டம் சுமார் 150 ரூபாய். அதைக் கழித்துக்கொண்டு வாங்கலாமே என்றால், விதி அப்படி இல்லை. 17 என்றால் முழு விலை, தாண்டினால் "காயவெச்சு எடுத்துட்டு வாங்க". மழைக்காலத்தில் எங்கே காயவைப்பது? காற்றில் ஈரம் 90 சதவீதத்தை நெருங்கும் நாட்களில் தார்ச்சாலையில் எத்தனை மணி நேரம் பரப்பினாலும் நெல் 17-க்குக் கீழே எளிதில் இறங்காது. அது நெல்லின் இயல்பு, விவசாயியின் சோம்பேறித்தனம் அல்ல.

2002 அக்டோபரிலிருந்து பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் மத்திய அரசுக்காகத் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல் வாங்குகிறது. பணம் டெல்லிக் கணக்கு என்பதால் ஒரு சதவீதம் தளர்த்தவும் டெல்லிதான் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் தமிழகம் 22 கேட்டது, 19 கிடைத்தது. 2023 பிப்ரவரியில் சம்பா அறுவடை நேரத்தில் பருவம் தவறிப் பெய்த மழைக்குப் பின் 20 கிடைத்தது. 2025 அக்டோபர் மழையில் குறுவை நனைந்தபோது மறுபடி 22 கேட்டார்கள். மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துப் போயின. நவம்பரில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

இந்த எண் சண்டையில் ஒரு விஷயம் மறந்துபோகிறது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, வாங்கிய மூட்டைகளே நகரவில்லை என்று நாட்கள் ஓடும். 2025 அக்டோபரில் அப்படிக் காத்திருந்த நெல் குவியலிலேயே முளைவிட்ட படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. மிஷின் வைத்துப் பார்ப்பதோ எடை போடும் முறை வரும்போதுதான். வந்த அன்று 17 இருந்த நெல், பத்து நாள் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்து 21 காட்டினால் அந்த நாலு யாருடைய ஈரம்? மிஷினுக்குத் தெரியாது. போன் ஸ்டிக்கர் மாதிரியே அதுவும் தண்ணீர் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், எப்படி வந்தது என்று சொல்லாது. திருப்பி அனுப்பப்பட்ட நெல் வியாபாரி சொல்லும் விலைக்குத்தான் போகும், அதுவும் அவர் வாங்கினால்.

நெல் வந்து சேரும் நாளிலேயே ஒரு முறை ஈரம் பார்த்து, அந்த எண்ணை டோக்கனில் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தகராறில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அதற்குப் புது மிஷின்கூடத் தேவையில்லை, இருப்பதே போதும். ஆனால் அப்படி எழுதிவிட்டால், அதற்குப் பிறகு ஏறும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் கொள்முதல் நிலையம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.