கொல்லிமலை ரோடும் மழைத்தண்ணியும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் போன் செய்தபோது, "உங்க ஊர் வரலாறு எழுதுப்பா. ஓரி, கொல்லிப்பாவை எல்லாம் இருக்கே" என்றார். ஓரியைப் பற்றி எழுத நம் தமிழ்ப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் சிவில் படித்தவன். எனக்குத் தெரிந்தது கொல்லிமலை ரோட்டின் வரலாறு. அதிலும் மழை வந்தால் அந்த ரோடு என்ன பாடுபடும் என்பது.

ஏன் என்று என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். மூன்றாம் ஆண்டில் ஹைட்ராலஜி பேப்பருக்கு நான் வரவில்லை. வெள்ளத்தைப் பற்றிய பரீட்சையில் வெள்ளத்தால் அரியர் வாங்கிய ஒரே ஆள் நம் கல்லூரியில் நானாகத்தான் இருப்பேன்!

அப்பா மலைமேல் பள்ளி ஆசிரியர். ஐப்பசி மாதம், லீவு முடிந்து செம்மேட்டிலிருந்து முதல் பஸ் பிடித்தேன். ராத்திரி முழுக்க மழை. பாதி மலை இறங்கியதும் பஸ் நின்றுவிட்டது. ஓடைத்தண்ணி கல்லும் மண்ணுமாக ரோட்டில் பாய்கிறது. இறங்கி நடந்தோம். அடிவாரத்துக்கு வந்தால் அங்கே தரைப்பாலத்தின் மேல் தண்ணி. முட்டி அளவுதான் இருக்கும். நான் பேண்ட்டைச் சுருட்டினேன். கூட நடந்து வந்த மலைக்காரப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"முட்டிக்குத்தானுங்க இருக்கு" என்றேன்.

கைத்தடியைத் தண்ணிக்குள் ஊன்றிக் காட்டினார். தடி வெடவெடவென்று ஆடியது. "ஆழத்தைப் பாக்காத தம்பி, இழுப்பைப் பாரு" என்றார்.

மூன்று மணி நேரம் நின்றோம். பரீட்சை போச்சே என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தாய், காய்ச்சலில் துவண்ட பையனை முந்தானையில் போர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர். தண்ணி வடிந்ததும் முதலில் அவரைத்தான் பெரியவர் கைபிடித்துக் கடக்கவைத்தார். பையன் பிழைத்துக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது. அரியர் பேப்பரை அடுத்த முறை 52 மார்க்கில் முடித்தேன்.

பெரியவர் சொன்னதைத்தான் பாடப்புத்தகமும் சொல்கிறது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஓரடித் தண்ணீர் சிறிய காரை மிதக்கவைத்துவிடும். இரண்டடி போதும், பெரிய காரையே அடித்துக்கொண்டு போக. கலங்கல் தண்ணிக்குக் கீழே பாலம் அரித்துப் போயிருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அன்றைக்குக் காத்திருந்தபோது பெரியவர் இன்னொன்றும் சொன்னார்: "எங்க பாட்டன் காலத்துத் தடத்துல மழைன்னா கூட எறங்கிருவோம்." அப்போது பெருமைப் பேச்சு என்று நினைத்தேன். பின்னால் யோசித்தால் விஷயம் இருக்கிறது. பழைய ஒற்றையடிப் பாதைகள் மலையின் முதுகு வழியாக ஏறுபவை. முதுகில் தண்ணி தங்காது, இரண்டு பக்கமும் வழிந்துவிடும். கால் ஏறும் செங்குத்தில் பஸ் ஏறாதே. ஏறக்குறைய இருபது அடிக்கு ஓரடி என்கிற கணக்கில்தான் மோட்டார் ரோடு உயர முடியும். அதனால் மலைச்சரிவைக் குறுக்கே வெட்டி, போய்த் திரும்பி, போய்த் திரும்பி ஏற வேண்டியிருக்கிறது. காரவள்ளியிலிருந்து சோளக்காடு சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள்! வளைந்து வளைந்து போவதால் ஒரே ஓடையை மேலே, நடுவில், கீழே என்று பலமுறை ரோடு குறுக்கிடுகிறது. மேலே ஒரு சிறுபாலத்தின் கண் சருகாலும் கல்லாலும் அடைத்துவிட்டால், தண்ணி ரோட்டையே வாய்க்காலாக்கிக்கொண்டு அடுத்த வளைவுக்கு ஓடும். அங்கே தடுப்புச் சுவருக்குப் பின்னால் மண் ஊறி, சுவரைத் தள்ளும். ஒரு கூடைச் சருகு பஸ்ஸை நிறுத்தும் என்று சொன்னால் டவுன்காரர்கள் சிரிப்பார்கள். மலை ரோட்டில் வேலை பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

ரோடு இடம் மாறிய கதையும் உண்டு. 1924 ஜூலை பெருவெள்ளத்தை மலையாளிகள், கொல்லம் ஆண்டு 1099 என்பதால், '99-ம் வருட வெள்ளம்' என்பார்கள். அதில் மூணாறில் ஓடிய சின்ன ரயில் பாதை அழிந்தது. மறுபடி போடவே இல்லை. ஆலுவாயிலிருந்து மூணாறு போன பழைய ரோடும் மலை சரிந்து போனது. பிறகு நேரியமங்கலம் வழியாகப் புது ரோடு போட்டார்கள். அங்கே பெரியாற்றின் மேல் 1935-ல் திறந்த பாலம்தான் அதற்கு வாசல்.

அதே 1924-ல் நம் பக்கம் காவிரியும் கொள்ளிடமும் பெருகின. திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-ல் திறந்த பாலம், 2016-ல் புதுப்பாலம் வரும்வரை வண்டிகளைச் சுமந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில்தான் அதன் தூண்கள் சாய்ந்தன. மறுபக்கம், திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணை மேல் 2024 செப்டம்பரில் திறந்த பாலம் அந்த டிசம்பரிலேயே வெள்ளத்தில் போனது. ஃபெஞ்சல் புயல் மழை அது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அரசூரில் மலட்டாறு தேசிய நெடுஞ்சாலையில் ஏற, சென்னை–திருச்சி போக்குவரத்து நின்றது. சென்னை லோடு ஏற்றிப்போன எங்கள் ஊர் லாரிக்காரர் ஒருவர் கேபினிலேயே ராத்திரியைக் கழித்ததாகச் சொன்னார். நான்கு வழிச்சாலையாக இருந்தால் என்ன, ஆறு வழி கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கொல்லிமலைக்கு இப்போது முள்ளுக்குறிச்சி பக்கமிருந்தும் ரோடு இருக்கிறது. ஒன்று அடைத்தால் மற்றொன்று. மிளகும் அன்னாசியும் இறங்க, நோயாளி இறங்க, அது பெரிய ஆறுதல். அப்பா ரிட்டையராகியும் மலையை விட்டு இறங்கவில்லை. மழைக்காலத்தில் நான் ஊருக்குக் கிளம்பினால் போனில் முதலில் சொல்வது, "காரவள்ளி வேண்டாம், முள்ளுக்குறிச்சி வழியா வா." சில நாள், "ரெண்டும் வேண்டாம்டா. நாளைக்கு வா."