மன்னாரில் தளை கழன்ற கழுதைகள்

இலங்கையின் மன்னார்த் தீவில், மன்னார் பட்டினத்தில் பேருந்தை விட்டு இறங்குகிறவர் அதிக தூரம் நடக்கவேண்டியதில்லை. சந்தைப் பக்கத்திலோ கோட்டைக்குப் போகும் வழியிலோ கழுதைகள் எதிர்ப்படும். சாம்பல் உடம்பு, வெளுத்த மூக்கு, முதுகு நெடுகக் கருங்கோடு, தோளில் அதைக் குறுக்கே வெட்டிப்போகும் இன்னொரு கோடு. பழக்கடைக்காரர் வீசிய தோலைத் தின்றுவிட்டு, கடை மூடும்வரை அங்கேயே நிற்கும். கழுத்தில் கயிறு கிடையாது. இது யாருடையது என்று கேட்டால் பெரும்பாலும் பதிலும் கிடையாது.

உலகின் பல நகரங்களில் கயிறில்லாமல் ஓட ஒரு விலங்குக்குத் தனி இடம் ஒதுக்கவேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1979இல் ஓலோன் பூங்காவின் ஒரு பகுதியை நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டு ஓடுவதற்கென்று பிரித்தார்கள். ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் 2018இல் அப்படியொரு நாய்ப் பூங்கா திறந்தது. தெருவில் கயிறு கட்டாயமாகிவிட்ட ஊர்களுக்கு வேலிக்குள் கொஞ்சம் விடுதலை தேவைப்படுகிறது. மன்னாரில் நடந்தது வேறு. இங்கே விலங்கை யாரும் விளையாட அவிழ்த்துவிடவில்லை. அது செய்துவந்த வேலை இல்லாமல் போயிற்று, கயிறும் போயிற்று.

கழுதையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில் மனிதர் அதைப் பழக்கினார்கள் என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. மன்னாருக்கு அரபு வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்பது ஊரில் வழிவழியாக வரும் பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பின்னால் நிலமும் நிற்கிறது. தீவுக்கு நேரெதிரே பெருநிலத்தில், திருக்கேதீச்சரம் கோயிலை ஒட்டி, மாந்தைத் துறைமுகத்தின் மேடு இருக்கிறது. 1980களில் அங்கே நடந்த அகழாய்வில் பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்பாண்டங்களும் சீனப் பீங்கானும் கிடைத்தன. பள்ளிமுனையில் நிற்கும் மாபெரும் பெருக்கமரமும் ஆப்பிரிக்க மண்ணுக்குரியதுதான். அதை நட்டதும் அரபியர் என்றே சொல்கிறார்கள். மரம் வந்த கடல்வழியில் கழுதையும் வந்திருப்பது இயல்பு. அக்கரைத் தமிழ்நாட்டிலும் கழுதை பழைய வேலைக்காரர்தான்: மிளகுப் பொதி சுமந்து சுங்கச்சாவடி வழியாகப் போகும் கழுதைகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது.

இந்தத் தீவும் கழுதைக்கென்றே அமைந்தது போலத்தான் இருக்கிறது. மன்னாருக்கு மழை என்றால் மாரிக்கால மழை. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிட்டால் பனையும் உடைமரமும் உவர்மண்ணும்தான் மிஞ்சும். மாடு வாடிப்போகும் வெயிலில் கழுதை நிற்கும். உடம்பின் எடையில் கால்பங்கு நீரை இழந்தாலும் தாங்கும். தண்ணீரைக் கண்டதும் சில நிமிடங்களில் குடித்து ஈடுகட்டிக்கொள்ளும். காய்ந்த புல்லும் முள்ளும் அதற்குப் போதும். வண்டிச் சக்கரம் புதையும் மணலில் அதன் சிறிய குளம்பு புதையாது. உப்பு, விறகு, தண்ணீர், சலவை மூட்டை எல்லாமே முதுகில் ஏறின. 1914இல் தலைமன்னார் இறங்குதுறைக்கு ரயில் வந்தது, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடியது. அதற்குப் பிறகும், தண்டவாளம் முடியும் இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் மணல் இருந்தது. மணலில் கழுதை இருந்தது.

வேலை முடிந்தால் கழுதையை மேய அவிழ்த்துவிடுவார்கள். தொழுவமும் கிடையாது, தீவனமும் கிடையாது. மறுநாள் தேடிப் பிடிப்பதற்கு வசதியாக முன்னங்கால் இரண்டையும் குட்டையான கயிற்றால் பிணைப்பதுதான் தளை. தளையிட்ட கழுதை நடக்காது. இரண்டு முன்காலையும் ஒன்றாகத் தூக்கித் தூக்கி வைத்துத் தத்தும். வெயிலில் இறுகிய கயிறு கணுக்காலில் அரைத்து மயிரைத் தின்று, தோலைத் தின்று, சதைக்குள் இறங்கும். ஈ மொய்க்கும். கயிறு அறுந்து பல காலமான கிழட்டுக் கழுதையிடமும் அந்த வளையத் தழும்பைப் பார்க்கலாம். அந்த இடத்தில் மயிர் மறுபடி முளைத்தாலும் வெள்ளையாகத்தான் முளைக்கிறது. மன்னாரின் சுமைத் தொழிலுக்கு எழுதிவைத்த வரலாறு அதிகம் இல்லை. அந்தக் கால்களில் இருப்பது அதன் ஒரு பக்கம்.

பிறகு லொறி வந்தது, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தது, மோட்டார் சைக்கிள் வந்தது. பிடிக்க யாரும் வராத காலைகள் கூடின. அதன்மேல் போர். 1990இல் ரயில் நின்றது, தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் தீவின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு கடல் கடந்து போயின. ஊரை விட்டு ஓடவேண்டிய நிலையில் கழுதையை யார் கூட்டிப்போவது? மனிதர் போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். கழுதைகள் தீவிலேயே இனம் பெருக்கின.

2010இல் புதிய பாலம் திறந்தது. 2015இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்பியது. மன்னாருக்கு இது பெரிய விடிவு. கழுதைக்கு இது புதிய ஆபத்து. இரவில் நடுவீதியில் படுக்கும் பழக்கத்தை அது விடவில்லை. வீதி மட்டும் மாறிவிட்டது: அகன்று, வழுவழுப்பாகி, வேகமாகிவிட்டது. சாம்பல் உடம்பு இருட்டில் தெரிவதில்லை. கால் முறிந்த கழுதையும், பொலித்தீனைத் தின்று வயிறு அடைத்த கழுதையும் ஊருக்குப் பழகிய காட்சியாயின. இழப்பு எளிதில் ஈடாகாது: வயிற்றில் ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும் விலங்கு இது.

இந்த அவலத்தைப் பார்த்து ‘பிரிட்ஜிங் லங்கா’ என்ற தொண்டு நிறுவனம் மன்னாரில் கழுதைகளுக்கென்று ஒரு மருத்துவ நிலையத்தையும் கற்கை நிலையத்தையும் தொடங்கியது. அடிபட்டவற்றுக்குச் சிகிச்சை கொடுப்பதோடு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைச் சாதுவான கழுதைகளோடு பழகவிடுவதும் அங்கே நடந்திருக்கிறது. கழுதை என்பதே வசவாகிப்போன மொழியில், ஒரு பிள்ளை அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் மருத்துவ நிலையம் வாழ இடம் தராது. வேறு விலங்குகளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நெடுந்தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் திரிகின்றன. அந்தத் தீவில் 2015இல் ஒரு தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. மன்னாரின் வாசலிலேயே இருக்கும் வங்காலை 2008இல் பறவைகளின் சரணாலயமானது, 2010இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. கழுதை மட்டும் நடுவில் நிற்கிறது. காட்டு விலங்கு என்று கணக்கில் வராது. வளர்ப்பு விலங்கு என்று சொல்ல, வளர்ப்பவர் இல்லை.

இதற்கிடையில் வெற்றுநிலமும் குறைகிறது. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் ஏற்கெனவே சுழல்கின்றன. வீடுகளும் வேலிகளும் பெருகுகின்றன. வேலியிட்ட பூங்காவில் அடைப்பது இந்தக் கழுதைகளுக்குப் பொருந்தாது. தீவு முழுவதும் நடந்தே பிழைத்தவை அவை. மாரி முடிந்து குளம் வற்றும் மாதங்களில் நீர்த்தொட்டிகள் வேண்டும். வீதி விளக்கும், இரவு நேர வேகக் கட்டுப்பாடும் வேண்டும். இவற்றையெல்லாம்விட அவசரமானது மேய்ச்சல் தரை. காணி பிரிக்கும் வரைபடத்தில் நகரசபையும் பிரதேச சபையும் அதை இப்போதே குறித்துவைக்கவேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் கொடுப்பதற்கு நிலம் இருக்காது.