சிறைமீண்டவரின் பொருத்தனை

திண்டுக்கல்லுக்கு எத்திசையிலிருந்து வந்தாலும் முதலில் நம் கண்ணில் படுவது மலைக்கோட்டையே. 1755இல் ஹைதர் அலி மைசூர் அரசின் படைத்தலைவராக இங்கு வந்தார். 1790இல் கும்பினிப் படை கோட்டையைப் பிடித்தது; 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பினியாருக்கு உரியதாயிற்று. இச்சமவெளியை அலைக்கழித்த மைசூர்ப் போர்களுக்கும் யூத வழிபாட்டு வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டென்பதைப் பலர் அறியார்.

கும்பினியின் பம்பாய்ப் படையில் அதிகாரியாயிருந்தவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர். அவர் பெனே இஸ்ரயேல் எனப்படும் யூத இனத்தவர். கொங்கணச் சிற்றூர்களில் செக்காட்டிப் பிழைத்து, ஓய்வுநாளில் செக்கை நிறுத்திவிடுவதால் 'சனிக்கிழமை எண்ணெய்க்காரர்' என்று அயலாரால் அழைக்கப்பட்டவர்கள் இவர்கள். இரண்டாம் மைசூர்ப் போரில் திவேகர் திப்புவின் சிறையில் அகப்பட்டார். உயிரோடு மீண்டால் ஜெப ஆலயம் ஒன்று கட்டுவதாகப் பொருத்தனை பண்ணினார் என்பது அவ்வினத்தாரின் மரபு. மீண்டார்; 1796இல் கட்டியும் முடித்தார். பம்பாயின் முதல் யூத ஜெப ஆலயம் அதுவே. 'இரக்கத்தின் வாசல்' என்பது அதன் எபிரெயப் பெயரின் பொருள்.

இதனை ஒரு தனிமனிதரின் நெகிழ்ச்சி என்று மட்டும் கொள்ளலாகாது. சங்கீதம் 107ஐ ஆராய்ந்த ரபீமார், கடல் கடந்தவர், பாலைவனம் கடந்தவர், நோய் நீங்கியவர், சிறைமீண்டவர் ஆகிய நால்வரும் நன்றி செலுத்தக் கடமைப்பட்டவர் என்றனர். அதையும் சபையார் முன் வாய்விட்டுச் சொல்லவேண்டும். நன்றி இங்கே உணர்ச்சியன்று, தீர்க்கவேண்டிய கடன்.

எல்லாராலும் ஆலயம் கட்ட இயலுமா? பெனே இஸ்ரயேல் குடும்பங்கள் அவலை நனைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து, பழங்களோடு தட்டில் குவித்து, எலியா தீர்க்கதரிசியை நினைவுகூர்ந்து, ஸ்தோத்திரம் சொல்லிப் பகிர்ந்துண்ணும். இதற்கு மலிதா என்று பெயர். திருமணம், புதுமனை, நோய் நீங்குதல், பொருத்தனை நிறைவேறுதல் எதுவாயினும் இத்தட்டு வரும். அவலும் தேங்காயும் சீனாயிலிருந்து வந்தவையல்ல. கொங்கண மண் தந்தவை.

நிலமில்லாதவரைக் குறித்து யூத நூல்கள் கூறுவது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. முதற்கனியை எருசலேமுக்குக் கொண்டுவருவோர் உபாகமம் 26இல் உள்ள அறிக்கையை ஓதவேண்டும். வாரத்துக்கு உழுவோர் அதைக் கொண்டுவரலாகாது என்று மிஷ்னா விதித்தது, நிலம் அவர்களுடையதன்று. கடுமையான விதிதான். ஆனால் அதே நூல் மற்றொன்றும் கூறுகிறது. வாசிக்கத் தெரிந்தோர் தாமே ஓதினர். தெரியாதோருக்குப் பிறர் சொல்லிக்கொடுத்தனர். அதற்கு நாணி அவர்கள் வராமல் நின்றுவிடவே, இருசாராருக்கும் சொல்லிக்கொடுப்பதென முறை மாற்றப்பட்டது. மழைக்கான நன்றியிலோ தல்மூத் ஒருவரையும் விலக்கவில்லை. நிலமுடையவனுக்கு ஒரு ஸ்தோத்திரம், கூட்டாளியோடு நிலமுடையவனுக்கு ஒன்று, காணி நிலமும் இல்லாதவனுக்கு வேறொன்று.

மானாவாரிக் காடுகள் மிகுந்த நம் திண்டுக்கல் சமவெளிச் சபைகளில் அறுப்பின் பண்டிகை நடக்கிறது. பூசணிக்காயும் வாழைத்தாரும் சேவலும் ஏலத்தில் ஏறுகின்றன; எடுத்தவர் பெயர் உரக்க வாசிக்கப்படுகிறது. கூலிக்குக் களைவெட்டிய சபையார் பின்னே நின்று கேட்டுக்கொண்டிருக்கின்றனர். ஐப்பசி மழை பொய்த்தால் முதலில் அடுப்பணைவது அவர்கள் வீட்டில்தான். அம்மழை பெய்தபின் அவர்கள் தம் வாயால் சொல்லுதற்கென்று ஒரு வரியும் நாம் கண்ட பண்டிகை ஒழுங்குகளில் இல்லை.