கதவுக்கு என்ன விலை?

மலருக்கு நம்ம பக்கத்து வரலாறு ஏதாவது எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. கட்டபொம்மனைப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் இடைசெவலைப் பத்தி எழுதுறேன்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போற வழியில இருக்கிற கரிசல் ஊர் அது. மானாவாரி பூமி. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, கம்பு. பெய்யலைன்னா ஒண்ணும் இல்லை. அந்த ஊர்ல 1923ஆம் வருஷம் செப்டம்பர் மாசத்துல ரெண்டு பிள்ளைகள் பிறந்தாங்க. ஒருத்தர் கு. அழகிரிசாமி, இன்னொருத்தர் கி. ராஜநாராயணன். ஒரே ஊர், ஒரே மாசம், ரெண்டு பேரும் கதை எழுதினவங்க, ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி விருது. இப்படி இன்னொரு ஊர் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியலை.

அழகிரிசாமிக்கு சப் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வேலை கிடைச்சது. அந்தக் காலத்துல சர்க்கார் வேலைன்னா எவ்வளவு பெரிய விஷயம்! அதை விட்டுட்டு சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போனார். நம்ம வீட்டுப் பையன் அப்படிச் செஞ்சா நாம சும்மா விடுவோமா? 1970ல, 46 வயசுல இறந்துட்டார். ‘அன்பளிப்பு’ புத்தகத்துக்கு அகாதெமி விருது வந்தது, வாங்கிக்கிட அவர் இல்லை. ‘ராஜா வந்திருக்கிறார்’னு ஒரு கதை எழுதியிருக்கார். தீபாவளி நேரம், இல்லாத வீடு. அந்த வீட்டுத் தாய், யாருமில்லாத ஒரு பையனைக் கூப்பிட்டுக் குளிப்பாட்டித் துணி கொடுக்கிறாள். அவன் பேரு ராஜா. பணக்கார வீட்டுக்கு ராஜா வந்திருக்கார்னு பீத்துற பையன்கிட்ட, எங்க வீட்டுக்கும் ராஜா வந்திருக்கார்னு அந்த வீட்டுப் பொண்ணு சொல்லும். கதை அவ்வளவுதான்.

கி.ரா. விவசாயி. பெரிய படிப்பு கிடையாது. ‘மாயமான்’ கதை பத்திரிகையில வந்தப்போ அவருக்கு வயசு 35 இருக்கும். எனக்கும் அந்த வயசு நெருங்குறதால இதைச் சொல்ல ஒரு சந்தோஷம்.

அவரோட ‘கதவு’ கதையைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். ஒரு ஏழை வீடு. அப்பன் பிழைப்புத் தேடி வெளியூர் போயிட்டான். தாய் கூலிக்குப் போறா. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்னு எதுவும் இல்லை, வீட்டுக் கதவுதான் இருக்கு. அதுல ஏறி நின்னு ஆட்டி ஆட்டி பஸ் ஓட்டுறாங்க. தீப்பெட்டிப் படம் ஒண்ணு கிடைச்சதும் அதையும் கதவுல ஒட்டி வச்சு அழகு பார்க்கிறாங்க. (தீப்பெட்டி ஒட்டின கை உள்ளவங்க நம்மள்ல எத்தனை பேர்!) ஒருநாள் தீர்வை பாக்கின்னு தலையாரி வந்து கதவையே கழட்டிக்கிட்டுப் போயிடுறார். கதவில்லாத வீட்டுக்குள்ள வாடை அடிக்குது. கைக்குழந்தை செத்துப்போகுது. பிறகு ஒருநாள் சாவடிக்குப் பின்னாடி கதவு கிடக்கிறதைப் பிள்ளைகள் பார்த்துட்டு அதைக் கட்டிப் பிடிச்சுக்குதுக.

தீர்வைக் கணக்குல அந்தக் கதவுக்கு ஏதோ ஒரு தொகை எழுதியிருப்பாங்க. பிள்ளைகள் ஓட்டின பஸ்ஸுக்கு அந்தக் கணக்குல இடம் கிடையாது. அதை எழுதி வச்சது கதைதான். கதைக்குக் கிடைச்ச பணம் எவ்வளவோ, அது செலவாகி எத்தனை காலமாச்சோ.

எங்க குழுவுல ஒரு மாசக் கூட்டம் முடிஞ்சதும் இந்தக் கதையை நான் வாசிச்சேன். ஒரு அக்கா பாதியில எந்திரிச்சு வெளியே போயிட்டாங்க. முன்னால ஒரு தனியார் கடன்ல தவணை தவறி அவங்க வீட்டு கிரைண்டரைத் தூக்கிட்டுப் போனது எங்களுக்கெல்லாம் தெரியும். பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவுன்னு கூட்டத்துல பல தடவை சொல்லியிருக்காங்க. ஆனா அன்னைக்குத் தெருவே வேடிக்கை பார்க்க, அவங்க மக கிரைண்டர் இருந்த இடத்தைக் கூட்டித் தண்ணி தெளிச்சதை அந்தக் கதைக்கு அப்புறம்தான் சொன்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க. நாங்களும் அழுதோம். ரெண்டு வருஷமா ஒரே பாய்ல உட்கார்ந்திருந்தும் எங்களுக்குத் தெரியாத விஷயம் அது.

கி.ரா. இன்னொரு வேலையும் செஞ்சார். நம்ம பேச்சுல இருக்கிற சொல்லையெல்லாம் சேகரிச்சு 1982ல கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கிடைச்சது, பெருமைதான், அதுல நம்ம பெண்கள் உழைப்பு இருக்கு. ஆனா மிட்டாய்க்குச் சந்தை இருக்கு. சொல்லுக்குச் சந்தை ஏது? காட்டு வேலை பார்த்த ஒரு மனுஷன் அதைக் கூலி பார்க்காம செஞ்சிருக்கார். நாட்டுப்புறக் கதைகளையும் அதே மாதிரி தேடித் தேடிச் சேர்த்தார். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியரா கூப்பிட்டுக்கிட்டது. 2021 மே மாசம் அவர் இறந்தப்போ இடைசெவல்ல அரசு மரியாதையோட அடக்கம் செஞ்சாங்க. கோவில்பட்டியில நினைவரங்கமும் இருக்கு, பார்க்காதவங்க போய்ப் பாருங்க.

இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்தக் கதைகளை வழிவழியாச் சொல்லி வந்ததுல பாதிக்கு மேல பாட்டிமார்தான் இருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. 1976ல வந்த ‘கோபல்ல கிராம’த்துலயும், நூறு வயசைத் தாண்டின மங்கத்தாயாரு அம்மாள்தான் தன் சனங்க தெலுங்கு தேசத்துலருந்து தப்பிச்சு வந்த கதையைச் சொல்றாங்க. பருத்தி எடுக்கும்போதும், பிள்ளையைத் தூங்க வைக்கும்போதும், ஒப்பாரி வைக்கும்போதும் பெண்கள் கட்டின கதைக்கும் பாட்டுக்கும் யாரும் கூலி போட்டதில்லை, பேரும் எழுதி வைக்கலை.

அதுக்காக, கலைக்குக் காசு எதுக்குன்னு பேசுறவங்களை எனக்குப் பிடிக்காது. பக்கத்துல எட்டயபுரத்துல பிறந்த பாரதியார் வீட்டுல அடுப்பு எரிய என்ன பாடுபட்டாங்கன்னு செல்லம்மாவைத்தான் கேட்டிருக்கணும். 1921ல அவர் போன பிறகு, அவர் பாட்டுகளைப் புத்தகமாப் போட முன்னுக்கு நின்னதும் அந்த அம்மாதான். 1947ல சனங்க கொடுத்த பணத்துல எட்டயபுரத்துல மணிமண்டபம் எழும்புச்சு. உயிரோட இருக்கும்போது அதுல கொஞ்சம் வந்திருந்தா அந்த வீட்டுக்கு எவ்வளவு ஆசுவாசமா இருந்திருக்கும்! தையலுக்கும் கூடைக்கும் நியாயமான விலை கேட்கிறதை நாம விடக்கூடாது. விலை வராத வேலையை வெட்டி வேலைன்னு சொல்றதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

எங்க ஊர்ல எழுபது வயசு தாண்டின பெரியம்மா ஒருத்தங்க இருக்காங்க. கையெழுத்துப் போடத் தெரியாது, கட்டைவிரல்தான். அவங்ககிட்ட இருக்கிற கதைக்கு அளவே இல்லை. குழுவோட பழைய தீர்மான நோட்டுல எழுதாம கிடந்த கடைசிப் பக்கங்கள்ல அவங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு வர்றேன். மூணு கதை முடிஞ்சது. நாலாவது பாதியில நிக்குது. பாசி எடுப்பு முடியட்டும், வந்து சொல்றேன்னு சொல்லியிருக்காங்க.