எலோகிம் என்னும் சொல்லின் எண்

எபிரேய விவிலியத்தின் முதல் தொடரிலேயே கடவுளைக் குறித்து வரும் சொல் 'எலோகிம்' என்பது. அந்நூலில் ஏறத்தாழ 2,600 இடங்களில் இது பயின்று வருகின்றது. இதன் ஈற்றிலுள்ள 'ஈம்' பன்மை விகுதியாகும். இதுபற்றி, பல தெய்வ வழிபாட்டின் எச்சமே இச்சொல் என்பர் ஒருசாரார். மூவொருமைக் கொள்கைக்கு இதுவே சான்று என்பர் மற்றொருசாரார். 12ஆம் நூற்றாண்டில் பீட்டர் லொம்பார்டு பின்னதைக் கொண்டார். 1554இல் வெளிவந்த ஆதியாகம உரையில் கால்வின் அதனை மறுத்தார். சொல்லின் எண்ணைத் துணிதற்கு விகுதியோடு அது கொள்ளும் முடிபினையும் நோக்குதல் வேண்டும்.

ஆதியாகம முதல் தொடரில் இச்சொல் கொண்ட பயனிலை, 'படைத்தான்' எனப் பொருள்படும் 'பாரா' என்னும் ஒருமை வினையாகும். 1:26இல் கடவுள் தம்மைப் பன்மையாற் கூறினும், அடுத்த தொடர் ஒருமை வினையே கொண்டது. பத்துக் கட்டளைகளில் பிற தெய்வங்களை விலக்குமிடத்தோ இச்சொல் பன்மை அடை பெறுகின்றது. எனவே வடிவம் ஒன்றாயினும் எண் இரண்டாதல் தெளிவு.

பன்மை வடிவம் ஒருவரைக் குறித்தல் அம்மொழிக்குப் புதிதன்று. 'தலைவன்' எனப் பொருள்படும் 'ஆதோன்' என்பதன் பன்மை, ஏசாயா 19:4இல் கொடிய தலைவன் ஒருவனைக் குறித்து ஒருமை அடை பெற்றுள்ளது. கி. மு. 14ஆம் நூற்றாண்டின் அமர்னா மடல்களிலும் கானானியச் சிற்றரசர் எகிப்திய மன்னன் ஒருவனையே 'தெய்வங்கள்' என்னும் பன்மையாற் சுட்டியுள்ளனர். ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல் வழக்கைத் தொல்காப்பியக் கிளவியாக்கமும் உடன்படும். ஆயினும், 'அடிகள் வந்தார்' என்புழித் தமிழில் வினையும் உயர்வு கொள்ளும். எபிரேயத்திலோ பெயர் பன்மையாக, வினை ஒருமையாய் நிற்கும்.

இனி, ஒருமை முடிபு பெற்ற இப்பன்மை வடிவமே ஒரு கடவுட் கொள்கையை உணர்த்தும் எனலும் பொருந்தாது. 1 இராஜாக்கள் 11:33 அஸ்தரோத், காமோஸ், மில்கோம் என்னும் அயலார் தெய்வங்களைத் தனித்தனியே இவ்வடிவாலேயே சுட்டுகின்றது. அவற்றுள் அஸ்தரோத் பெண் தெய்வமாதலும் நோக்கத்தக்கது.

இசுரவேலரின் கடவுளுக்கே ஆதியாகமம் 20:13, 2 சாமுவேல் 7:23 ஆகிய இடங்களிற் பன்மை வினை வந்துள்ளதே எனின், வந்தது உண்மையே. ஆயின் பின்னதனை எடுத்தாளும் 1 நாளாகமம் 17:21 அவ்வினையை ஒருமையாக்கியுள்ளது. அம்முடிபு பிற்காலத்தார்க்கு இடர்ப்பாடாகத் தோன்றியது எனக் கொள்ள இஃது இடந்தருகின்றது. ஐந்தாகமங்களைக் கிரேக்கத்திற் பெயர்த்தோரும் ஆதியாகம முதல் தொடரில் 'தெயோஸ்' என்னும் ஒருமையையே ஆண்டனர்.

ஆகவே எலோகிம் என்பதன் விகுதி பல தெய்வக் கொள்கைக்கும், மூவொருமைக்கும், ஒரு கடவுட் கொள்கைக்கும் தனிச் சான்றாகாது. இறைவன் ஒருவன் என வற்புறுத்த வேண்டிய உபாகமம் 6:4இல் அந்நூல் 'ஏகாத்' என்னும் எண்ணுப் பெயரை வெளிப்படையாகவே ஆள்கின்றது. சமயக் கொள்கையை நூலின் கூற்றிற் காண்பதே முறை. சொல்லின் ஈற்றில் அதனை ஏற்றிக் காண்பது ஆராய்ச்சி நெறியன்று.